இசையும் இரைச்சலும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் உள்ள பவானிபூர் ஒரு பழமையான குடியிருப்பு. ஆசுதோஷ் முகர்ஜி சாலையின் இரு மருங்கிலும் பிரியும் சந்துகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், மாடி வீடுகளிலிருந்து ஆர்மோனியமும் தபலாவும் ஒலிப்பதைக் கேட்கலாம். தெற்கே ஹாஸ்ராவையும் காளிகாட்டையும் கடந்து, ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே திரும்பினால் லேக் மார்க்கெட்டு. அது தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் வட்டாரம். அங்கே வீணையும் வயலினும் உடன் சேரும். இவ்விரு வட்டாரங்களிலும் இன்று இளைஞர் கைகளில் மற்றொரு வாத்தியத்தையும் காண்கிறோம். அது மின் கிடார்.

மின் கிடாரை வாங்கி வந்து, ஆம்ப்ளிஃபயருடன் இணைத்து, விசையைத் தட்டியவுடன் முதலில் ஒலிப்பது பெரும்பாலும் இசையன்று. "ம்ம்ம்" என்ற ஓயாத முனகல்தான். இடையில் பெடல் என்னும் சிறு பெட்டிகளை வைத்துக் காலால் மிதித்து இயக்கினாலோ, முனகலோடு சீறலும் சேர்ந்துகொள்கிறது. பெற்றோர் கருவி பழுது என்று எண்ணுகின்றனர். கடைக்காரர் வேறொரு பெட்டியை விற்கிறார். நண்பர் ஒருவர், பிளக்கின் மூன்றாவது முள்ளைக் கழற்றிவிட்டால் முனகல் நின்றுவிடும் என்று யோசனை சொல்கிறார். முனகல் நிற்பதும் உண்டு. ஆனால் அந்த யோசனை உயிருக்கே ஆபத்தானது. ஏன் என்பதை விளக்குவதற்கு முன், இம்முனகல் எங்கிருந்து வருகிறது, எங்கே நுழைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிடார் இந்நகருக்குப் புதிதன்று. ஹவாய்த் தீவைச் சேர்ந்த டாவ் மோ என்னும் கலைஞர் 1940-களில் தம் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். மடியில் கிடத்தி, உலோகத் துண்டால் கம்பியின் மீது வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறை வங்காளத்தாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கமகத்துக்கு அது இடம் கொடுத்தமையே காரணம் எனலாம். அந்த மரபில் வந்து, இந்துஸ்தானி இராகங்களைக் கிடாரில் வாசிப்பவர் கொல்கத்தாவின் தேவாசிஷ் பட்டாச்சார்யா. வேடிக்கை என்னவெனில், உலகில் வியாபார முறையில் விற்பனைக்கு வந்த முதல் மின் கிடார்களும் இதே ஹவாய் வகையினவே. அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் அமைத்த காந்தப் பிக்-அப்பைக் கொண்டு ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932-இல் அவற்றை விற்கத் தொடங்கியது.

அந்தப் பிக்-அப் என்பது என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று. எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. இவ்வாறு கம்பியின் அதிர்வை அப்படியே ஏந்தி வரும் மின்சாரத்தையே நாம் சமிக்ஞை என்கிறோம். அதனோடு கலந்து வரும் வேண்டாத மின்சாரம் யாவும் இரைச்சல்.

சமிக்ஞை எத்துணைச் சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மிதமாக மீட்டினால் பிக்-அப் தருவது ஏறக்குறைய 0.1 வோல்ட். அதைப் பெற்றுக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயரின் வாயில் 10 லட்சம் ஓம் தடையுடையது. ஆக, அங்கே செலவாகும் சக்தி ஒரு வாட்டில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மறுமுனையில் ஒலிபெருக்கிக்கு 50 வாட் போய்ச் சேர்கிறது. இடையில் சக்தி 500 கோடி மடங்கு பெருகியிருக்கிறது! இவ்வளவு பெருக்கம் நிகழும் இடத்தில், வாயிற்படியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு துரும்பும் மலையாகத் தோன்றும் அன்றோ?

அயல் மாநிலங்களில் வாழும் நம்மவருள் முதியோருக்கு இது புதிய செய்தியன்று. இரவில் சிற்றலையிலும் மத்திய அலையிலும் சென்னையையோ, திருச்சியையோ, கொழும்பையோ தேடி முள்ளைத் திருப்பிய நாட்களை அவர்கள் மறந்திரார். கச்சேரி எங்கோ அடியில் ஒலிக்கும், மேலே கரகரப்பு. ஒலியைக் கூட்டினால் கச்சேரியும் கூடும், கரகரப்பும் கூடும். இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது. வானொலியில் பயன்பட்டது ஒன்றே: ஏரியலை நல்ல உயரத்தில் கட்டுவது, அதாவது, பெருக்குவதற்கு முன்பே நல்ல சமிக்ஞையைப் பிடிப்பது.

இதையே பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஃப்ரீஸ் என்னும் எஞ்சினியர் 1944-இல் ஒரு சூத்திரமாக எழுதினார். பல பெருக்கிகள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும்போது, மொத்த இரைச்சலைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது முதற் கண்ணியே என்பது அதன் சாரம். ஓர் உதாரணம் காண்போம். ஒவ்வொரு பெடலும் தன் பங்குக்கு 10 மைக்ரோவோல்ட் இரைச்சலைச் சேர்ப்பதாகவும், முதற் பெடல் பத்து மடங்கு பெருக்குவதாகவும் கொள்வோம். முதற் பெடலின் இரைச்சல் 100 மைக்ரோவோல்ட்டாகி இரண்டாவதிடம் செல்கிறது. அங்கே புதிதாகச் சேரும் 10 அதன் முன் பொருட்டன்று. ஆகையால் சங்கிலியின் தலைப்பில் தூய்மையான பெடலை வைப்பதும், கடைசியில் விலை உயர்ந்த பெட்டியை வாங்கி வைப்பதும் ஒன்றல்ல. இதனை அறியாமல் பணத்தை வாலில் செலவிடுவோரே மிகுதி.

சீறல் என்பது முற்றிலும் நீக்க இயலாத ஒன்று. எந்தத் தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் சலித்துக்கொண்டே இருக்கின்றன. அச்சலனம் ஒரு சிறு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. ஜான்சன் இதனை அளந்து காட்ட, நைக்விஸ்ட் 1928-இல் காரணம் கூறினார். 10,000 ஓம் தடையொன்று, சாதாரண அறை வெப்பத்தில், செவிக்கு எட்டும் அலைவரிசை முழுவதிலும் தருவது சுமார் 2 மைக்ரோவோல்ட். கிடாரின் சமிக்ஞை இதனினும் 50,000 மடங்கு பெரிது. எனவே இயற்கை நம்மிடம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. தொல்லையெல்லாம் நாமே வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான்.

முனகலுக்கு வருவோம். நம் நாட்டில் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. சுவரிலுள்ள கம்பியும், ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரும் தம்மைச் சுற்றி அதே கதியில் மாறும் காந்தப் புலத்தைப் பரப்புகின்றன. எட்டாயிரம் சுற்றுள்ள பிக்-அப்போ காந்த அசைவைப் பிடிப்பதற்கென்றே பிறந்தது; கம்பியின் அசைவு எது, சுவரின் அசைவு எது என்று அதற்குப் பகுத்தறியத் தெரியாது. பவானிபூரில் சிலர் தரைக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலைக் குறை கூறுவதுண்டு. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையேதான் ஓடத் தொடங்கியது. அந்த நிலையத்தின் பெயர் இன்று நேதாஜி பவன். ஆனால் அதன் மூன்றாம் தண்டவாளத்தில் பாய்வது 750 வோல்ட் நேர்மின்சாரம். 50 அதிர்வுள்ள ஓயாத முனகலுக்கு அது பொறுப்பாகாது. குற்றவாளி அறைக்குள்ளேயே இருக்கிறான்.

50 அதிர்வும், மின்சாரத்தைத் திருத்தும்போது எழும் 100 அதிர்வும் இசைக்கணக்கில் எங்கே நிற்கின்றன? மேல்நாட்டு முறையில் 'ஜி' என்னும் சுரம் 49 அதிர்வு. அதன் மேல் ஸ்தாயி 98. அதற்கும் மேல் 196. நம் வழக்கில் இதுவே ஐந்து கட்டை. பெண்மணிகள் பலர் பாடும் சுருதி. ஆக, முனகல் என்பது கேட்காமலே ஒருவன் கொண்டுவந்து மீட்டும் தம்பூரா. அதுவும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிப்போன தம்பூரா. ஐந்து கட்டையில் பாடுவோர் 196-இல் நிற்க, முனகலின் கிளையொலி 200-இல் நிற்கும். விநாடிக்கு நான்கு துடிப்பு காதில் உறுத்தும். கிடாரின் தடித்த கம்பி 82 அதிர்வில் தொடங்குவதால், 100-ஐ வடிகட்டப் புகுந்தால் அதன் அண்டைச் சுரங்களும் அடிபட்டுப்போகும். வடிகட்டி ஏன் இந்நோய்க்கு மருந்தாகவில்லை என்பது இப்போது விளங்கும்.

நோய் நுழையும் இடத்திலேயே தடுத்தவர் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர். 1955-இல் உரிமைக்கு விண்ணப்பித்து 1959-இல் பெற்ற அவருடைய அமைப்பில் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்றின் காந்தம் மற்றொன்றுக்குத் தலைகீழ், சுற்றும் தலைகீழ். கம்பியின் அதிர்வுக்கு இரண்டு மாறுதலும் ஒன்றையொன்று ஈடு செய்வதால் சமிக்ஞைகள் கூடுகின்றன. சுவரிலிருந்து வரும் புலத்துக்கோ காந்தத்தின் திசை பொருட்டன்று. சுற்றின் திசை மட்டுமே பொருட்டு. ஆகவே ஒரு சுருளில் ஏறுவது மறு சுருளில் இறங்கி, இரண்டும் கழிந்துபோகின்றன. கழித்தலால் கிடைத்த அமைதி! இந்தத் தந்திரம் பின்னால் மறுபடியும் வரும், நினைவில் கொள்க.

இனி, பெடல்கள் சமிக்ஞையை என்ன செய்கின்றன? இங்கே பவானிபூரின் பழங்கதை ஒன்றைச் சொல்வது பொருந்தும். மேலே சொன்ன சாலைக்குப் பெயர் தந்த ஆசுதோஷ் முகர்ஜி பவானிபூர்வாசி; கல்கத்தாப் பல்கலைக் கழகத் துணைவேந்தர். அரசாங்கக் கணக்குத் துறை உத்தியோகஸ்தராக 1907-இல் இந்நகருக்கு வந்து, ஓய்வு நேரத்தில் பௌபஜார்த் தெருவிலுள்ள விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தமிழர் ஒருவரை, 1917-இல் பாலித் பேராசிரியராக அமர்த்திய பெருமை அவரைச் சேரும். அத்தமிழர் சி. வி. இராமன். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அவர் 1930-இல் நோபல் பரிசு பெற்றதை எல்லோரும் அறிவர். அதற்கு முன்னரே வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றின் ஒலியை அவர் கல்கத்தாவில் ஆராய்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே.

ஒரு கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்று நிற்க வேண்டிய கிளையொலிகள் எழ மாட்டா என்பது மேல்நாட்டார் கண்ட விதி. தம்பூராவும் வீணையும் இவ்விதிக்கு அடங்குவதில்லை என்று 1921-இல் இராமன் எழுதினார். எழக்கூடாத கிளையொலிகளும் அவற்றில் வளமாக ஒலிக்கின்றன. காரணம், அவற்றின் குதிரை. அதன் மேற்புறம் கத்திமுனைபோல் இராமல் சற்றே வளைந்த பரப்பாக உள்ளது. தம்பூராவில் ஜீவாளி நூலும் உண்டு. அதிரும் கம்பி அப்பரப்பை ஒவ்வோர் அதிர்விலும் உராய்ந்து செல்ல, மீட்டலில் இல்லாத ஒலிகள் புதிதாகப் பிறக்கின்றன. சமிக்ஞையின் வடிவை வேண்டுமென்றே மாற்றி நாதத்துக்குச் செழுமை தரும் கலையை, மின்சாரம் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் தச்சர்கள் அறிந்திருந்தனர்.

டிஸ்டார்ஷன் என்றும் ஃபஸ் என்றும் கூறப்படும் பெடல்கள் இதே வேலையை மின்சாரத்தில் செய்கின்றன. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஓர் ஒலிப்பதிவின்போது பழுதாகிப்போன ஒரு கருவியிலிருந்து கரகரத்த நாதம் வந்தது. கேட்டோருக்கு அது பிடித்துப்போகவே, பழுதைப் பெட்டிக்குள் அடைத்து 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றார்கள். பிறருடைய குற்றத்தை இவ்வளவு அழகாக விலைப்படுத்திய வேறொரு தொழிலை நாம் அறியோம். அவ்வகைப் பெடலுள் சமிக்ஞை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கப்படுகிறது. பிறகு, பல பெடல்களில், எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டு சிலிக்கான் டையோடுகள் 0.6 வோல்ட்டுக்கு மேற்பட்ட தலையைச் சீவிவிடுகின்றன. சீவப்பட்ட அலையில் கிளையொலிகள் பெருகுகின்றன.

இரைச்சல் பெருகும் சூட்சுமமும் இங்கேதான் உள்ளது. பிக்-அப்பில் சமிக்ஞை 100 மில்லிவோல்ட், முனகல் 1 மில்லிவோல்ட் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒன்று, காது பொறுத்துக்கொள்ளும். 200 மடங்கு பெருக்கும் பெடலில் முனகல் 0.2 வோல்ட்டாகிறது. சமிக்ஞை 20 வோல்ட்டாக வேண்டும், ஆனால் 0.6-இல் சீவப்பட்டுவிட்டது. நூற்றுக்கு ஒன்றாக இருந்தது மூன்றுக்கு ஒன்றாகிவிட்டது! வாசிக்கும்போது நாதம் முனகலை மூடிக்கொள்கிறது. விரலை எடுத்த கணத்தில் அது முழு உருவில் எழுந்து நிற்கிறது. பெடல் இரைச்சலை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

கிடாரிலிருந்து பெடலுக்குச் செல்லும் கம்பிக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளே ஓர் இழை, சுற்றிலும் பின்னல் கவசம். இரண்டுக்குமிடையே மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம். 6 மீட்டர் கம்பியுடன் சாதாரணப் பிக்-அப் ஒன்று 4,000 அதிர்வு வரை தெளிவாக ஒலிக்குமாயின், 15 மீட்டரில் அத்தெளிவு 2,600-க்கு இறங்கிவிடும். நாதம் போர்வை போர்த்தியதுபோல் மங்கும். வாசிப்பவர் மங்கலைப் போக்க மேற்சுரங்களை முடுக்குவார். கூடவே சீறலும் முடுகும். இதற்குப் பரிகாரம் பஃபர் என்னும் எளிய சுற்று. சமிக்ஞையை அது பெருக்குவதில்லை. நீண்ட கம்பியைத் தள்ளிச் செல்லும் வலிமையை மட்டும் தருகிறது. ட்ரூ பைபாஸ் என்று புகழப்படும் பெடல்கள் அணைந்திருக்கும்போது சமிக்ஞையைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. நல்லதுதான், ஆயினும் அத்தகைய பெடல் ஆறேழு தொடர்ந்தால், இடையிலுள்ள கம்பிகளின் நீளமெல்லாம் பிக்-அப்பின் தலையில் விழும். எல்லாம் ட்ரூ பைபாஸாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைவிட, தலைப்பில் ஒரு நல்ல பஃபர் இருப்பதே மேல் என்பது நம் கருத்து. பழைய முறை ஃபஸ் மட்டும் விதிவிலக்கு. அது பிக்-அப்பை நேரடியாகத் தொட விரும்பும்; ஆகவே அதனைப் பஃபருக்கு முன்னே வைக்க வேண்டும்.

பெடல்களுக்கு வேண்டிய 9 வோல்ட்டை ஒரே அடாப்டரிலிருந்து கிளைக்கம்பிகளால் எல்லாவற்றுக்கும் பகிர்வது மலிவான வழி. டிஜிட்டல் பெடலின் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பு அக்கம்பி வழியே அண்டை வீட்டுக்குள் நுழைந்து 'கீ' என்று கத்தும். ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே பிரிக்கப்பட்ட மின்வழங்கி இதனைத் தடுக்கும். விலை அதிகம். ஆனால் ஆறாவது பெடலை வாங்குவதற்கு முன் இதை வாங்குவதே அறிவுடைமை.

பெடல்கள் பெருகியபின் வருவது ஸ்விட்சர். அது ஒவ்வொரு பெடலையும் தனிக் கிளையாக்கி, வேண்டும்போது மட்டும் ரிலே மூலம் பாதையில் சேர்க்கிறது. வேண்டாத பெடலின் இரைச்சலும் கம்பியும் வெளியே நின்றுவிடுகின்றன. மாற்றும்போது 'டப்' என்று ஒலிப்பதற்குக் காரணம், பெடலின் வாயிலிலுள்ள மின்தேக்கியில் மெல்லக் கசிந்து தேங்கிய மின்னூட்டம் ஒரே கணத்தில் பாய்வதாகும். 10 லட்சம் ஓம் தடையொன்றை வாயிலிலிருந்து நிலப்புறத்துக்கு இணைத்தால் அக்கசிவு வடிந்துபோகும். பல ஆண்டுத் தொல்லையைச் சில காசுப் பொருள் தீர்க்கும். ஒரே கிடாரை இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு மாற்றும் பெட்டிகளும் உள்ளன. வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் வெளிப்புறத்தை, அதாவது ஒலிபெருக்கிப் பக்கத்தை, மாற்றும் வகையாயின், சும்மா நிற்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலிச் சுமையொன்றை அது தர வேண்டும். சுமையின்றி ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒன்றாக இணைத்தவுடன், முன்பு இல்லாத பெரு முனகல் எழும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் அமைதி. இணைத்தால் ஓலம். என்ன நடந்தது? ஒவ்வொன்றும் தன் பிளக்கின் மூன்றாவது முள் வழியே எர்த்துடன் சேர்ந்துள்ளது. இப்போது கிடார்க் கம்பியின் கவசமும் அவ்விரண்டையும் சேர்த்துவிட்டது. நிலத்தொடர்பு ஒரு முழு வளையமாகிவிட்டது. அவ்வளையத்தின் ஊடே காந்தப் புலம் பாய, கவசத்தில் மின்னோட்டம் சுழன்று, சமிக்ஞையோடு கலக்கிறது. வளையத்தை அறுத்தால் முனகல் நிற்கும். நண்பரின் யோசனை, மூன்றாவது முள்ளைக் கழற்றி வளையத்தை அறுப்பது.

அது அறுப்பது வளையத்தை மட்டுமன்று. கிடாரின் எஃகுக் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரின் உலோகப் பெட்டியுடன் மின்தொடர்பு உடையவை. அவ்வாறு வைத்திருப்பதே இரைச்சலைக் குறைப்பதற்காகத்தான். உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை மின்சாரம் அவ்வழியே பாய்ந்து ஃப்யூஸ் போகும். எர்த் இல்லையேல் 230 வோல்ட் வாசிப்பவரின் விரல்களில் காத்து நிற்கும். அவர் மற்றொரு கையால் மைக்கையோ ஈரத் தரையையோ தொடும்வரை எதுவும் தெரியாது. ஸ்டோன் த க்ரோஸ் என்னும் குழுவின் கிடார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மாண்டார். கையில் கிடார்க் கம்பிகள். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976-இல் தம் இல்லத்தில் மின் கிடார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் அனுபவமற்றவர்கள் அல்லர்.

வளையத்தை அறுக்க வேறு வழிகள் உண்டு. முதலாவது, எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து, ஒரே எர்த்திலிருந்து ஓட்டுவது. வளையத்தின் பரப்பு சுருங்கும். அதற்கும் அடங்காவிடில், சமிக்ஞையின் பாதையில் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரை வைப்பது; நல்ல ஆம்ப் ஸ்விட்சர்களில் இது உள்ளேயே இருக்கிறது. அதன் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. இசை காந்த வழியே கடக்கும். கவசத்தில் சுழலும் ஓட்டத்துக்குப் பாலம் இல்லை. அறுக்க வேண்டியது சமிக்ஞையின் நிலக்கம்பியை. மின்சாரத்தின் எர்த்தை ஒருபோதும் அன்று. வாடகை வீட்டில் குடியிருப்போர், சுவரிலுள்ள மூன்றாவது துளையின் பின்னால் மெய்யாகவே கம்பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதிப்பது நன்று. பழைய வீடுகளில் துளை மட்டும் அலங்காரமாக இருப்பதுண்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு விசையையும் அப்போதே பொருத்தச் சொல்லலாம்.

நாய்ஸ் கேட் என்னும் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். அது வாயிற்காவலன். சமிக்ஞை ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் கதவைச் சாத்தும்; மேலே ஏறினால் திறக்கும். இசையும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும். அவற்றைப் பிரிக்கத் தெரியாது. மட்டத்தை உயர்த்தி வைத்தால், மெல்ல அடங்கும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். கமகத்தின் கடைசி இழைவுக்கு இது பெருங்கேடு. பயன்படுத்துவதாயின், டிஸ்டார்ஷனுக்குப் பின்னும் எதிரொலிப் பெடலுக்கு முன்னும் வைக்க வேண்டும். இல்லையேல் எதிரொலியும் வெட்டுப்படும்.

வீட்டிலுள்ள மற்றப் பகைவர்களையும் அறிந்திருத்தல் நலம். கொல்கத்தாவின் புழுக்கத்தில் மின்விசிறி இன்றி எவரும் பயிற்சி செய்ய இயலாது. திருகும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின்னலையை விநாடிக்கு 100 முறை நறுக்குகிறது. ஒவ்வொரு நறுக்கும் கூரிய இரைச்சலாகப் பிக்-அப்பில் விழும். விசிறியை முழு வேகத்தில் விட்டால் நறுக்கு பெரும்பாலும் நின்றுவிடும். மின்தேக்கி கொண்டு படிப்படியாக மாற்றும் ரெகுலேட்டர் அமைதியானது. பழைய முறை 2ஜி கைப்பேசி விநாடிக்கு 217 முறை துடித்து அனுப்புவதால், பெடல் அருகே வைத்தால் 'ட்ர்ர்' என்னும். மழைக்காலத்து ஈரத்தில் பிளக்குகளின் உலோகம் களிம்பேறிக் கரகரக்கும். துணியால் துடைத்தாலே பாதி தீரும். கிடாரைப் பிடித்தபடி மெல்லச் சுழன்று பார்த்தால், ஒரு திசையில் முனகல் குறைந்து மறு திசையில் கூடும். பிக்-அப் எந்தப் புலத்தைக் குடிக்கிறது என்பதைக் காட்டும் இலவசக் கருவி இதுவே. ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டடி தள்ளி அமர்வதும் காசில்லாத மருந்து.

இவ்வளவும் கிடாருக்கு மட்டும் உரியவை அல்ல. நவராத்திரியில் நம் சங்கங்களும் சபைகளும் நடத்தும் வீணைக் கச்சேரியை எண்ணிப் பாருங்கள். வீணையில் ஒட்டிய காண்டாக்ட் மைக், அழுத்தத்தால் மின்சாரம் தரும் படிகத் தகடு. பிக்-அப்பினும் மெலிந்த மூலம். அதனை மைக்குக்கென்று அமைந்த வாயிலில் நேராகச் செருகினால் மந்திர ஸ்தாயி மறைந்து, தகரத் தட்டின் ஒலி எஞ்சும். பின்பு ஒலியைக் கூட்ட, முனகலும் கூடும். வீணையருகிலேயே, 10 லட்சம் ஓமுக்குக் குறையாத வாயிலுடைய சிறு ப்ரீ-ஆம்ப் ஒன்றை வைக்க வேண்டும். அங்கிருந்து மண்டபத்தின் கோடியிலுள்ள கலவைப் பலகைக்கு 20, 30 மீட்டர் செல்லும் வழியில் டி.ஐ. பெட்டி துணை செய்யும். அது சமிக்ஞையை இரண்டு இழைகளில், ஒன்றுக்கொன்று தலைகீழாக அனுப்புகிறது. வழியில் விளக்குத் தோரணங்களின் முனகல் இரண்டு இழைகளிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. பலகையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க, முனகல் மறைந்து வீணை மட்டும் நிற்கிறது. ஸெத் லவரின் இரட்டைச் சுருள் செய்த அதே கழித்தல்தான். அப்பெட்டியின் பக்கத்தில் நிலத்தொடர்பை நீக்கும் ஒரு சிறு விசையும் இருக்கும். வளைய முனகல் எழுந்தால் அதைத் தள்ளிப் பார்க்கலாம். சமிக்ஞையின் நிலக்கம்பியை மட்டுமே அது பிரிக்கும். பிளக்கின் மூன்றாவது முள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.